மறு: ரிம்ஃபயர் - ‘விளிம்புச்சுடு’ வேண்டாம், ‘விளிம்புப்பற்று’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஊசி தோட்டாவின் விளிம்பில் அடித்துத் தீ மூட்டும் ‘ரிம்ஃபயர்’ வகைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பதில் எழுதுவதற்கு முன் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. போன சனிக்கிழமை இங்கே டல்லாஸ் பக்கத்தில் உள்ள ஒரு சுடுதளத்துக்கு என் மனைவியோடு போய், அந்த வகைத் தோட்டா போடும் ஒரு .22 (0.22 அங்குல அளவு) கைத்துப்பாக்கியை வாடகைக்கு எடுத்து, 200 தோட்டாக்கள் சுட்டுவிட்டு வந்தேன். பாலிமர் பிளாஸ்டிக்கில் செய்த உடல், அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடை. வார இறுதியில் தாள் குறியை வைத்துச் சுட்டுப் பழக இப்படி ஒன்று வாங்கலாமா என்பது எங்கள் வீட்டில் பல மாதமாக ஓடும் பேச்சு. சொல்லைப் பற்றிய என் கருத்தும் துப்பாக்கியைப் பற்றிய கருத்தும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் உருவாயின, அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ‘விளிம்புச்சுடு’ என்று முன்மொழிந்த ஐயா எழுதியது:

> ரிம் என்றால் விளிம்பு, ஃபயர் என்றால் சுடு. ஆகவே விளிம்புச்சுடு. எளிமையாக இருக்கிறதே.

ஐயா, எளிமைதான், ஆனால் இங்கே ஃபயர் என்பது சுடுவதைக் குறிக்கவில்லை. தோட்டாவுக்குள் தீ முதலில் எங்கே பிடிக்கிறது என்பதைக் குறிக்கிறது. ஒரு 9 மில்லிமீட்டர் தோட்டாவைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு சிறு கிண்ணம் பதித்திருக்கும், நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி. சுத்தியல் ஊசி அந்தப் பொட்டில் அடிக்க, உள்ளே இருக்கும் மருந்து பொறி கக்கி, அந்தப் பொறி பெரிய மருந்தைக் கொளுத்துகிறது. .22 தோட்டாவைக் கவிழ்த்தால் பொட்டு கிடையாது, வழவழப்பான பித்தளைதான், நடுவில் தயாரிப்பாளரின் எழுத்து மட்டும் பொறித்திருக்கும். பொறி மருந்தெல்லாம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பின் உட்குழிவில் இருக்கிறது. ஈர மருந்தைக் கூட்டுக்குள் வைத்துச் சுழற்றி அந்த மடிப்புக்குள் தள்ளிக் காயவிடுகிறார்கள். ஊசி விளிம்பில் ஓரிடத்தை நசுக்கினால் போதும், தீ பிடித்துவிடும். 1845 வாக்கில் பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் செய்த சிறு தோட்டாவிலிருந்து வந்த வழி இது. இன்று உலகமெங்கும் சுடப்படும் .22 லாங் ரைஃபிள் என்ற தோட்டாவை 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது.

இன்னொரு நண்பர் ‘விளிம்புத் தோட்டா’ போதுமே என்று கேட்டிருந்தார். போதாது. .303 தோட்டாவுக்கும் .38 ஸ்பெஷலுக்கும் விளிம்பு உண்டு, நன்றாகவே துருத்திக்கொண்டு இருக்கும், ஆனால் இரண்டுக்கும் பொட்டு நடுவில். நம் ஊர்க் காவல் நிலையங்களில் எத்தனையோ ஆண்டு பார்த்த .303 துப்பாக்கியை ‘விளிம்புத் தோட்டாத் துப்பாக்கி’ என்று ஒருவர் எழுதினால் அது தவறில்லை, அப்போது .22ஐ என்னவென்று சொல்வது?

கோவை நண்பர் முன்மொழிந்த ‘விளிம்படி’ எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கிறது. அடிக்கும் இடத்தைச் சொல்கிறது என்பது அதன் பலம். பிரெஞ்சுக்காரர்களும் இதே வழியில்தான் போனார்கள், ‘பெர்குசியோன் அன்யுலேர்’ என்பார்கள், வளையத்தில் அடி என்று பொருள். ஜெர்மானியர் ‘ராண்ட்ஃபாயர்’ என்று ஓரத் தீயைச் சொல்கிறார்கள். ஆக இரண்டு வழியும் திறந்திருக்கிறது. எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். ‘விளிம்படி’ என்று எழுதினால் விளிம்பின் அடிப்பகுதி, விளிம்புக்குக் கீழே என்று படித்துவிட வாய்ப்பு அதிகம். மலையடி, மரத்தடி என்று பழகிய கண் அப்படித்தான் படிக்கும். தோட்டாவின் அடிப்பாகத்தைப் பற்றியே பேசும் இடத்தில் இந்தக் குழப்பம் வேண்டாம்.

என் முன்மொழிவு: ரிம்ஃபயர் - விளிம்புப்பற்று, சென்டர்ஃபயர் (பொட்டு நடுவில் உள்ள வகை) - நடுப்பற்று.

தீப்பற்றுதல் எல்லாருக்கும் தெரிந்த சொல். பழைய மருந்துத் துப்பாக்கியில் தீ வைக்கும் துளைக்குப் பற்றுவாய் என்றே பெயர், அகராதியிலும் இருக்கிறது. அதாவது துப்பாக்கிக்கும் இந்த வேர்ச்சொல்லுக்கும் உறவு ஏற்கெனவே உண்டு, நாம் புதிதாக ஒட்டவைக்கவில்லை. பற்று வரவுக் கணக்கு நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வார்கள். தனியாக நின்றால் வரும், விளிம்போடும் நடுவோடும் சேர்ந்து தோட்டாவுக்கு முன்னால் நிற்கும்போது வராது.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். மொத்தமாகப் பெட்டியில் கொட்டி விற்கும் மலிவுத் தோட்டாக்கள் 100, கொஞ்சம் விலை கூடியவை 100. மலிவுப் பெட்டியில் ஐந்து சுடவில்லை. விசையை (டிரிகரை) அழுத்தினேன், ‘டக்’ என்றது, ஒன்றும் நடக்கவில்லை. இந்த இடத்தில் எல்லாரும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: துப்பாக்கியின் வாயைக் குறியை நோக்கியே அசையாமல் அரை நிமிடம் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் சில சமயம் தாமதமாகப் பிடிக்கும். அப்புறம்தான் தோட்டாவை வெளியே எடுக்கலாம். எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் ஊசி நன்றாகவே அடித்திருக்கிறது, நகத்தால் அழுத்திய மாதிரி தெளிவான பள்ளம். பள்ளம் சரி, அந்த இடத்தில் மருந்து இல்லை. சுழற்றித் தள்ளும்போது விளிம்பு முழுக்கச் சமமாகப் போய்ச் சேரவில்லை. அதே தோட்டாவைத் திருப்பி, பள்ளம் வேறு பக்கம் வரும்படி போட்டுச் சுட்டேன், வெடித்தது. ஐந்தில் நான்கு இப்படி இரண்டாவது அடியில் வெடித்தன. பொட்டு வைத்த தோட்டாவில் இது நடக்கவே வழியில்லை, எப்படித் திருப்பினாலும் நடு நடுதான்.

பக்கத்துப் பாதையில் நின்ற தமிழர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “நமுத்துப்போச்சா?” என்று கேட்டார். தீபாவளி வெடி நினைவில் வந்த சொல், ஆனால் ஈரம் இதற்குக் காரணமில்லை. நான் யோசிக்காமல் சொன்ன பதில்: “இல்லைங்க, மருந்து பத்தலை.” தீப் பற்றவில்லை என்ற பொருளில் வாயில் தானாக வந்த வினை ‘பற்று’தான். அங்கேயே எனக்குச் சொல் முடிவாகிவிட்டது. சுடாமல் போனது பற்றாத் தோட்டா. தாமதமாகப் பிடிப்பது பிந்திப்பற்று. விளிம்புக்குள் இருப்பது பற்றுமருந்து. ஒரு வேரிலிருந்து நான்கைந்து சொற்கள் இழுக்காமல் வருகின்றன. ‘சுடு’வை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்ய முடியாது, செய்தால் சுடாச்சுடு என்று எங்கேயோ போய் நிற்கும்.

கைத்துப்பாக்கியைப் பற்றி. எடை குறைவு என்பதை விளம்பரங்கள் பெரிய நன்மையாகச் சொல்கின்றன. டாரஸ் டிஎக்ஸ்22 என்ற .22 கைத்துப்பாக்கி சுமார் 490 கிராம். ரூகர் மார்க் 4 வரிசையில் வரும் 22/45 லைட் 700 கிராமை ஒட்டியது. சுமப்பதற்கு இலகு, உண்மை. என் மனைவிக்கு மணிக்கட்டில் வலி உண்டு, கனமான துப்பாக்கியை ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடிக்க முடியாது, நாங்கள் எடுத்த அரைக் கிலோத் துப்பாக்கியை வைத்து ஒன்றரை மணி நேரம் சுட்டார். உதைப்பும் கிட்டத்தட்ட இல்லை. 2.6 கிராம் ஈயக் குண்டு நொடிக்கு 330 மீட்டர் அளவில் போகிறது, அதன் ஆற்றல் 9 மில்லிமீட்டர் குண்டினுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. விலையும் ஏறக்குறைய அந்த விகிதம்தான். புதிதாகப் பழகுபவர் கண்ணை மூடிக்கொள்ளாமல் சுடுகிறார் என்றால் அதுவே பெரிய விஷயம்.

ஆனால் குறிக்கு எடைக் குறைவு உதவவில்லை. விசையை இழுக்க ஏறத்தாழ இரண்டு கிலோ அழுத்தம் தேவைப்பட்டது, துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோ. தன் எடையைப்போல நான்கு மடங்கு அழுத்தத்தை விரலால் கொடுக்கும்போது துப்பாக்கியே விரலோடு நகர்ந்துவிடுகிறது, எனக்கு எல்லாத் துளையும் குறிக்கு இடப்பக்கம் கீழே விழுந்தன. ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியிலும் இதே விளிம்புப்பற்றுத் தோட்டாதான், 2024 பாரிஸில் இந்தியாவின் மனு பாக்கர் நான்காவதாக வந்த போட்டி அது. அங்கே விதிப்படி துப்பாக்கி 1,400 கிராம் வரை இருக்கலாம், விசையை இழுக்க குறைந்தது 1,000 கிராம் அழுத்தம் தேவைப்பட வேண்டும். துப்பாக்கியின் எடையும் விசைக்கான அழுத்தமும் ஏறத்தாழச் சமம். அவர்கள் ஏன் கனத்தைத் தேடிப் போகிறார்கள் என்று அரைக் கிலோத் துப்பாக்கியைப் பிடித்தபோதுதான் விளங்கியது.

இன்னொன்று, ஒவ்வொரு முறை சுட்டதும் காலிக்கூட்டை வெளியே தள்ளத் துப்பாக்கியின் மேலே நகரும் பகுதி முழுதாகப் பின்னால் போய் வர அந்தச் சிறு தோட்டாவின் வலு மட்டுமே இருக்கிறது. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் பாதியில் நின்றுவிடும், காலிக்கூடு வெளியேறும் திறப்பில் சிக்கும். மலிவுத் தோட்டாவில் இது மூன்று முறை நடந்தது, விலையும் வேகமும் கூடிய தோட்டாவில் ஒரு முறைகூட இல்லை. எடை குறைந்த .22 வாங்க நினைப்பவர் கடையில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களோடு வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும், இதை மிகவும் வலியுறுத்திச் சொல்வேன். எங்களைப் பொறுத்தவரை மனைவிக்கு 700 கிராம் அளவில் ஒன்று பார்ப்பது என்று பேசியிருக்கிறோம். அரைக் கிலோ வேண்டாம்.

கடைசியாக ஒரு சொல் மிச்சம் இருக்கிறது, எனக்குத் தீரவில்லை. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவதை இங்கே டிரைஃபயர் என்கிறார்கள். நடுப்பற்றுத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் தாராளமாகச் செய்யலாம், எதிரே பொட்டு இல்லாவிட்டால் ஊசி காற்றில் நீளும். விளிம்புப்பற்றில் ஊசிக்கு நேரே இருப்பது குழலின் பின்பக்க ஓரம். தோட்டா இல்லாவிட்டால் ஊசி அந்த இரும்பில் போய் அடிக்கும், நாளடைவில் ஓரம் நசுங்கித் தோட்டா சரியாக உட்காராது. சில தயாரிப்புகளில் ஊசி எட்டாதபடி தடுப்பு உண்டு, கையேட்டைப் பார்க்காமல் நம்பக் கூடாது. இங்கே பலர் சுவரில் திருகாணி போடும்போது செருகும் மஞ்சள் பிளாஸ்டிக் ராவல் பிளக்கைத் தோட்டா இடத்தில் வைத்துப் பழகுகிறார்கள், அதன் தலை விளிம்பு மாதிரியே ஊசியை வாங்கிக்கொள்கிறது. சுடுதள ஊழியர் ஒன்றை எடுத்துக் காட்டினார், தலையைச் சுற்றி ஏழெட்டு ஊசிப் பள்ளம்.

இதற்கு ‘வெற்றுச்சுடுதல்’ என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். வெற்றுத் தோட்டா என்று குண்டில்லாத தோட்டாவுக்குச் சொல்கிறோமே, அதோடு மோதுகிறது. சுடவே இல்லை, விசையை மட்டும் இழுக்கிறோம், அதனால் ‘வெறுவிசை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘வெறுவிசை இழுத்துப் பழகினேன்’ என்று வாக்கியத்தில் வைத்தால் எனக்கு ஓரளவு ஒலிக்கிறது, ஆனால் வெறுப்பு என்ற சாயல் வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஐயாவும் கோவை நண்பரும் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?