விழுந்து கிடப்பவரைக் கோப்ளின் குத்தலாமா?

செம்பனைக்காடு:
சனிக்கிழமை இரவு சுங்கை சிப்புட்டில் எங்கள் கடை மாடியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினோம். ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது, ஆட்டத்தை நடத்தி எதிரிகளை ஆடியது நான். 2014 விதிகள், ஆடியவர்கள் நான்கு பேர், எல்லாரும் தொடக்கமான முதல் நிலை. காட்டுப்பாதையில் கோப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் ஆறு பேரை மறைத்து வைத்தேன். கோப்ளினின் உயிர்ப்புள்ளி வெறும் 7தான், ஆனால் அம்பு விட்ட கையோடு, தன் முறை முடிவதற்குள்ளேயே திரும்ப ஒளிந்துகொள்ளும் திறமை அதற்கு உண்டு. 80 அடி தூரத்தில் நின்று அம்பு விட்டது, மறைந்தது, இடம் மாறியது. இரண்டு பேர் விழுந்தார்கள். விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் சாவுப்பகடை உருட்ட வேண்டும், மூன்று தோல்வி ஆனால் சாவு. ஏற்கெனவே ஒரு சாவுப்பகடை தவறியிருந்த பூசாரியை ஒரு கோப்ளின் ஓடிவந்து குத்தியது. மயங்கிக் கிடப்பவரைப் பக்கத்தில் நின்று குத்தினால் அது இரண்டு தோல்வி, ஆக மூன்று, பூசாரி போய்விட்டார். அவரை ஆடிய பதினான்கு வயதுத் தங்கச்சி பையை எடுத்துக்கொண்டு பேசாமல் கீழே இறங்கிவிட்டாள். மற்ற மூவரும் நான் செய்தது தப்பு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோப்ளினின் அறிவு 10, சாதாரண மனிதன் அளவு. அது ஏன் வெட்டவெளியில் வந்து நின்று வெட்டு வாங்க வேண்டும்?

லயத்துவீடு:
தம்பி, முதலில் கணக்கைப் பார். எதிரியின் பலத்தை அளப்பது அனுபவப்புள்ளி, கோப்ளின் ஒன்றுக்கு 50, ஆறுக்கு 300, எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் இரட்டிப்பாக்கு என்கிறது விதி, ஆக 600. முதல் நிலை நால்வருக்கு உயிராபத்துக் கோடே 400தான். அதன் மேல் காட்டையும் கொடுத்து, ஒளிந்து சுடவும் வைத்தாய். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆடவைக்கிறேன், முதல் நாளில் கதாபாத்திரத்தை இழந்த பிள்ளை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

செம்பனைக்காடு:
எண்ணிக்கை கூடிப்போனது, அதை ஒப்புக்கொள்கிறேன் அக்கா. மூன்று வைத்திருந்தால் 300, கடினம் என்ற கோட்டிலேயே நின்றிருக்கும். ஆனால் ஒளிந்து அடிப்பதை விடமாட்டேன். நம் ஊரிலேயே 1948 ஜூன் 16 அன்று கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் தோட்டத் துரைமார் மூவரைச் சுட்டுக் கொன்றார்கள், மலாயா அவசரகாலமே அதற்குப் பிறகுதான் வந்தது. அப்புறம் காட்டுக்குள் போனவர்களைப் பிடிக்கப் பன்னிரண்டு வருடம் பட்டாளம் அலைந்தது. எண்ணிக்கையில் சின்னக் கூட்டம் அப்படித்தான் சண்டை போடும். அதை முறியடிக்கவும் வழி இருக்கிறது, தன் முறையில் அம்பைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கோப்ளின் தலை நீட்டும் நொடியில் விடலாம். யாருமே அதைச் செய்யவில்லை.

லயத்துவீடு:
அது அவர்களுக்குத் தெரியாதே. யார் சொல்லிக்கொடுத்தது? நீ எடுத்த உதாரணமே உனக்கு எதிராக நிற்கிறது, பார். காட்டிலிருந்து சுட்டவர்கள் காட்டிலேயே இருந்தார்கள். உன் கோப்ளின் மறைவை விட்டு ஓடிவந்து, இரண்டு பேர் இன்னும் வாளோடு நிற்கும் இடத்தில், கீழே கிடந்தவரைக் குத்தியது. 7 உயிர்ப்புள்ளி உள்ள எது அப்படி வரும்? தோட்டத்தில் நாய்கள் காட்டுப்பன்றியை வளைக்கும்போது பார்த்திருப்பாய், இடைவெளி கிடைத்தால் அது ஓடும், எல்லாப் பக்கமும் அடைபட்டால்தான் திரும்பிப் பாயும். அந்தக் கோப்ளினை அனுப்பியது நீ, தம்பி, கோப்ளின் தானாக வரவில்லை.

பழைய பகடை:
இடையில் ஒன்று சொல்கிறேன். 1981இல் வந்த அடிப்படை விதிகளில் மன உறுதிக்கு ஒரு எண் இருந்தது, கோப்ளினுக்கு 7. முதல் ஆள் செத்ததும் ஒரு முறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு முறை, ஆட்டத்தை நடத்துபவர் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டுவார், 7ஐத் தாண்டினால் ஓட்டம். 36இல் 15 வாய்ப்பு. எங்கள் மேசையில் இன்றும் அதையே வைத்திருக்கிறோம், பாதிச் சண்டைகள் துரத்தலாகவோ பேச்சுவார்த்தையாகவோ மாறிவிடுகின்றன, பிடிபட்ட கோப்ளினிடம்தான் குகைக்கு வழி கேட்போம்.

செம்பனைக்காடு:
மன உறுதிப் பகடை எனக்குப் பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா, குத்தியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய சுற்றில் பூசாரி அறுபதடி மந்திரத்தால் ஒரே சொல்லில் விழுந்த வீரனை எழுப்பிவிட்டார். கோப்ளின்கள் அதைக் கண்ணால் பார்த்தன. எழுப்புகிறவரை விட்டுவைத்தால் சண்டை முடியாது என்று அவற்றுக்குத் தெரியாதா?

லயத்துவீடு:
தெரியும் என்றே வை. அப்போதும் தூரத்திலிருந்து அம்பு விடும். அம்பு பட்டால் ஒரு தோல்விதான், பிள்ளைக்கு இன்னொரு சுற்று கிடைத்திருக்கும், தோழர்கள் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்த ஒரு சுற்றுக்காகத்தான் இவ்வளவு நேரம் எழுதுகிறேன்.

செம்பனைக்காடு:
அம்பு பற்றி நான் யோசிக்கவில்லை. ஆனால் செத்தவரை எழுப்பமாட்டேன், அப்படிச் செய்தால் மற்ற மூவரும் உயிரைக் காத்துக்கொண்டதற்கு அர்த்தம் இல்லை. தங்கச்சியிடம் நாளை நேரில் போய்ப் பேசுகிறேன். வந்தால் முதல் அரைமணி நேரம் ஒளிவது, தயாராக நிற்பது, விழுந்தவரை இழுப்பது எல்லாவற்றையும் காட்டிவிட்டுத்தான் பகடையைத் தொடுவேன்.

லயத்துவீடு:
செத்தவர் விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. நாளை போகும்போது எண்ணிக்கை தப்பு என்பதையும் அவளிடம் சொல்.