மறு: ஹம்பக்கருக்கு என்ன சொல்?

வணக்கம்.

> 'இரைச்சல் நீக்கி', 'இரட்டைச்சுருள் எடுப்பி' – இரண்டில் எதைக் கட்டுரையில் போடலாம்?

இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. கட்டுரை எலெக்ட்ரிக் கிட்டாருக்கு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தமும் சுருளும்) வாங்கப் போகிறவர்களுக்கானது. ஹம்பக்கர் அதில் ஒரு வகை, இரண்டு சுருள் கொண்டது. சொல்லைப் பார்த்து அவர்கள் எதை எதிர்பார்ப்பார்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் 'இரைச்சல்'. ஹம்பக்கர் எல்லா இரைச்சலையும் நீக்காது. மின்மாற்றி, டியூப்லைட் மாதிரியானவற்றின் காந்தப்புலத்திலிருந்து வரும் 'ம்ம்ம்' என்ற ஒலியை, அதாவது ஹம்மைத்தான் நீக்கும். நம் ஊர் மின்சாரத்தில் அது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். கெய்னை (பெருக்கும் அளவை) ஏற்றியதும் ஆம்ப்பில் (கிட்டாரின் ஒலிபெருக்கியில்) கேட்கிற 'உஸ்ஸ்' அப்படியேதான் இருக்கும். 'இரைச்சல் நீக்கி' என்று எழுதினால், காசு கொடுத்து மாற்றிய பிறகும் உஸ்ஸென்று கேட்கிறதே என்று நம்மைத்தான் திட்டுவார்கள்.

'இரட்டைச்சுருள்' கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் சுருள் இரண்டு இருப்பதால் மட்டும் ஹம் போய்விடாது. ஒன்றுக்கு மற்றது எதிராக இணைக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. காந்த முனைகளும் எதிரெதிராக இருப்பதால் தந்தியின் ஒலி மட்டும் அழியாமல் கூடுகிறது. சேத் லவர் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்த ஏற்பாட்டுக்குத்தான். 1957-இல் அது அவர்களின் லெஸ் பால் கிட்டாரில் வந்தது. அதே 1957-இல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் கிட்டாரும் இரண்டு சுருளுக்கு மாறியது, ஹம்மும் போனது. ஆனால் அதில் ஒவ்வொரு சுருளும் இரண்டிரண்டு தந்திகளை மட்டுமே பார்க்கிறது. 'இரட்டைச்சுருள்' என்றதும் நம் மனசில் வருகிற அந்தத் தடித்த ஒலி, ஒரே தந்தியை இரண்டு இடத்தில் கேட்பதால் மேல்சுரங்கள் சில அடிபட்டு வருவது. பேஸில் அது நடப்பதில்லை. ஆக, பெயரை வேலையை வைத்துத்தான் சூட்ட வேண்டும்.

சரி, ஹம்முக்கு என்ன சொல்? 'உறுமல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். உறுமி மேளக்காரர்கள் சண்டைக்கு வருவது ஒருபக்கம் இருக்கட்டும், கிட்டார் நன்றாக உறுமட்டும் என்றுதானே பாதிப் பேர் ஹம்பக்கரே வாங்குகிறார்கள்! 'ரீங்காரம்' நீளம். என் ஓட்டு 'முரல்'. வண்டு முரல்வது பழைய வழக்கு. தாழ்ந்து, விடாமல், ஒரே சுரத்தில். இனிமையான சொல்லை ஒரு தொல்லைக்கு வைக்கிறோமே என்பார்கள். வைத்துப் பழகினால் சரியாகிவிடும்.

எனவே ஹம்பக்கர்: முரல்நீக்கி. பிக்கப்புக்கு 'எடுப்பி'யைவிட 'தந்தியுணரி' மேல். உணரி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. காயில் ஸ்ப்ளிட்டை (இரண்டில் ஒரு சுருளை மட்டும் இயக்குவதை) 'சுருள் பிரிப்பு' எனலாம். பிரித்தால் முரல் திரும்பிவிடும் என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம், அதுவே இந்தச் சொல்லின் வசதி. தந்திகள் மேலே ஏறிச் செல்லும் பிரிட்ஜுக்கு வீணைக்காரர்களின் 'குதிரை' இருக்கிறது, கடன் வாங்கிக்கொள்வோம்.

அப்புறம், சொல்லைத் தாண்டி ஒரு திருத்தம். கட்டுரையில் 'அதிக கிலோ-ஓம் என்றால் அதிகச் சத்தம்' என்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். மெல்லிய கம்பி சுற்றினாலே மின்தடை ஏறிவிடும். இரண்டு ஹம்பக்கர்களைப் பாருங்கள்: சீமோர் டங்கன் ஜேபி சுமார் 16 கிலோ-ஓம், ஆல்நிக்கோ 5 காந்தம். டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் 14-க்கும் கீழே, செராமிக் காந்தம். எண்ணை மட்டும் பார்த்து இரண்டாவதை மென்மையானது என்று வாங்கினால் ஏமாற்றம்தான். காந்தம், கம்பியின் தடிமன், சுற்று எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். குதிரைப் பக்கம் தந்தி குறைவாக ஆடுவதால் அங்கே பலமான முரல்நீக்கி, கழுத்துப் பக்கம் 7 அல்லது 8 கிலோ-ஓம் அளவில் பழைய பாணியில் ஒன்று என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். வால்யூம், டோன் குமிழ்கள் 500 கிலோ-ஓம் இருக்கட்டும். 250 போட்டால் ஒலி மங்கிவிடும்.

'அவுட்புட்'டுக்கு 'வெளியீடு' என்று போட்டிருக்கிறீர்கள். பாட்டு வெளியீடு, புத்தக வெளியீடு என்றே காதில் விழுகிறது. வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?