சுரங்கத்துக் குதிரைகளுக்கு நிஜமாகவே கண் போய்விடுமா?

குறுகுறுப்பு: பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் வண்டி இழுத்த மட்டக்குதிரைகளைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான்: குட்டியிலேயே கீழே இறக்குவார்கள், இருட்டில் கிடந்து கண் போய்விடும், செத்தால்தான் மேலே வரும். எவ்வளவு உண்மை? ஆட்கள் இருக்கும்போது குதிரையை ஏன் இறக்கினார்கள்?

கரித்துண்டு: கடைசிக் கேள்விக்கு முதலில். பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக்கூடாது என்று 1842-இல் சட்டம் வந்தது. அதுவரை பல இடங்களில் வண்டியை இழுத்ததும் தள்ளியதும் அவர்கள்தான். டர்ஹாம் பக்கம் 18-ஆம் நூற்றாண்டிலேயே குதிரை இறங்கிவிட்டது, ஆனால் எண்ணிக்கை எகிறியது இதற்கு அப்புறம்தான். 1913 வாக்கில் சுமார் 70,000! கூரை தாழ்வான இடத்துக்கு ஷெட்லாண்ட் என்ற குட்டை இனம், உயரம் இருந்தால் பெரிய குதிரை.

லாயக்காரன்: கண் விஷயம் பெரும்பாலும் கட்டுக்கதை. இருட்டில் இருப்பதாலேயே குதிரை குருடாகிவிடாது, அடிபட்டுக் கண் போவதுதான் நிஜமான ஆபத்து. அதற்காகவே தலைக்குக் கெட்டித் தோலில் ஒரு கவசம் மாட்டுவார்கள், கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டு. 1911 சட்டத்தில் குருட்டுக் குதிரைக்குக் கீழே இடமில்லை, நான்கு வயது ஆகாததை இறக்கவும் கூடாது, 15 குதிரைக்கு ஒரு லாயக்காரர் வேண்டும்.

மேலே வராது என்பது பாதி உண்மை. சாய்வாக நடந்தே உள்ளே போகிற சுரங்கம் என்றால் வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடலாம். செங்குத்துக் குழி என்றால் கூண்டில் இறக்கி லாயத்தையும் கீழேயே வைத்துவிடுவார்கள், அப்புறம் வருடாந்திர விடுமுறைக்குச் சுரங்கம் மூடும்போதுதான் வெயிலும் புல்லும். எனக்கு இதுதான் கண் போவதை விடக் கொடுமையாகத் தெரிகிறது.

கரித்துண்டு: சுரங்கத் தொழிலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒன்று: வண்டிகளின் சங்கிலி ஒவ்வொன்றாக இழுபடும் 'டக் டக்' சத்தத்தைக் குதிரை எண்ணிக்கொள்ளுமாம், வழக்கத்தை விட ஒரு வண்டி கூடினால் அந்த இடத்தை விட்டு நகராதாம். கொஞ்சம் மிகையாக இருக்கலாம், நான் நம்புகிறேன். பையன்களின் சாப்பாட்டைத் திருடித் தின்பதிலும் கெட்டிக்காரர்களாம்.

குறுகுறுப்பு: சரி, எப்போது நின்றது?

லாயக்காரன்: நினைப்பதை விட ரொம்பத் தாமதமாக. 1984-இல்கூடத் தேசிய நிலக்கரி வாரியத்திடம் 55 இருந்தன, பெரும்பாலும் நார்தம்பர்லாந்தின் எல்லிங்டன் சுரங்கத்தில். அங்கே 1994-இல் முடிந்தது. வேல்ஸில் பான்டிபூல் பக்கம் ஒரு சின்னச் சுரங்கத்தில் ராபி என்று ஒரு குதிரை, அது ஓய்வு பெற்றது 1999 மே மாதம்.

குறுகுறுப்பு: 1999-ஆ? நான் ஏதோ நீராவி எஞ்சின் காலத்தோடு முடிந்தது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!