ரீஃபாக்டரிங் ஸ்பெக் வந்துவிட்டது, திங்கட்கிழமை பிளானிங். இது போதுமா?

பாளையங்கோட்டைக்காரன்:
எங்களுடையது மூன்று பேர் ஆபீஸ். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கத்து அரிசி மண்டிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். பில் போடும் பகுதி முழுக்க ஒரே பிஎச்பி ஃபைல், 4,200 லைன். 2017-ல் ஜிஎஸ்டி வந்த அவசரத்தில் எழுதியது, அப்புறம் யார் யாரோ கைவைத்துவிட்டார்கள். அதைப் பிரித்து ஒழுங்குபடுத்த (அதுதான் ரீஃபாக்டரிங்), என்னென்ன செய்ய வேண்டும் என்று முதலாளி ஆறு பக்க ஸ்பெக் தந்திருக்கிறார்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "கோட் சுத்தமாக இருக்க வேண்டும்", "பில் வேகமாக வர வேண்டும்", "தேவையில்லாத கண்டிஷன்களை நீக்க வேண்டும்" என்றே போகிறது. நெட்டில் பார்த்த செக்லிஸ்ட் ஒன்று, ஸ்பெக்கில் கோட் பற்றிய விவரமே கூடாது என்கிறது. ரீஃபாக்டரிங்கே கோட் பற்றியதுதானே? இதை வைத்து நாள் குறிக்கலாமா?

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
குறிக்காதீர்கள் தம்பி. முதல் இரண்டும் வெறும் ஆசை. வேகம் என்றால் எத்தனை விநாடி? இன்று மண்டியில் ஒரு பில்லுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று யாராவது பார்த்தீர்களா? அந்த எண் இல்லாவிட்டால் வேலை முடிந்ததா என்பதில் தினமும் சண்டைதான்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். உங்கள் ஃபைலில் 25 கிலோவை வைத்து ஒரு கண்டிஷன் இருக்கும், தேடுங்கள். 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் கிடையாது. 26 கிலோ சிப்பம் எதற்கு வந்தது என்று மண்டியில் கேட்டால் சிரிப்பார்கள். விவரம் தெரியாத பையன் 'இது என்ன கண்ட நம்பர்' என்று அதைத் தூக்கிவிட்டால், மறுநாள் மண்டிக்காரர் உங்கள் வாசலில் நிற்பார்.

ரவுண்டிங்கில், அதாவது வரியை முழுப் பைசாவாக்குவதில், நானே அடிபட்டவன். மூன்று ரகம், ரகத்துக்கு ஒரு சிப்பம், விலை 1,250.50 என்று வையுங்கள். அந்த 5 சதவீதத்தில் பாதி, மத்திய ஜிஎஸ்டி 2.5 சதவீதம். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போட்டால் 31.26, மூன்றுக்கும் 93.78. மொத்தத்துக்குப் போட்டால் 93.79. பழைய கோட் தனித்தனியாகப் போட்டது. நாங்கள் அழகாக இருக்கட்டும் என்று மொத்தத்துக்கு மாற்றினோம். மாதக் கடைசியில் அந்த ஒரு பைசாக்களைத் தேடி இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

வெளியே தெரிவது மாறாமல் உள்ளே மாற்றுவதற்குத்தான் ரீஃபாக்டரிங் என்று பெயர். 'ஒரு வருஷ பில்லைப் பழைய கோடிலும் புதுக் கோடிலும் ஓட்டினால் பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும்' என்று உங்கள் ஆறு பக்கத்தில் எங்காவது இருக்கிறதா?

குற்றாலச் சாரல்:
அந்தச் செக்லிஸ்ட் புது வசதிகளுக்கு எழுதியதாக இருக்கும். ரீஃபாக்டரிங்குக்கு எந்த ஃபைலைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று ஸ்பெக்கிலேயே இருக்க வேண்டும். கிளாஸ், ஃபங்ஷன் பெயரெல்லாம் பிளானிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி. பழைய கோடே தப்பாக இருந்தால்? அதையுமா பைசா சுத்தமாகக் காப்பாற்றுவது?

பாளையங்கோட்டைக்காரன்:
நல்ல நேரத்தில் கேட்டீர்கள் அக்கா. அந்த 25 கிலோ கண்டிஷனைத் தேடினேன், மூன்று இடத்தில் இருக்கிறது. இரண்டில் '25-க்கு மேல் வரி இல்லை'. சரக்கு திரும்பி வரும் பில்லில் மட்டும் '25-ம் அதற்கு மேலும் வரி இல்லை'. அதாவது 25 கிலோ சிப்பத்தை விற்றால் வரி விழுகிறது, திருப்பினால் கழியவில்லை!

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
அடப் பாவிகளா. அது தப்பு, முதலாளியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஆனால் தனி வேலையாகத் திருத்துங்கள், ரீஃபாக்டரிங்கோடு கலக்காதீர்கள். கலந்தால், பில் ஒத்துப்போகாதபோது திருத்தியதால் மாறியதா, உடைத்ததால் மாறியதா என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் திருத்தி மண்டிக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கோடை வைத்து ஒப்பிட ஆரம்பியுங்கள்.

பாளையங்கோட்டைக்காரன்:
சொன்னேன். முதலாளி ஐந்து நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் அவரே பேனாவை எடுத்து 'தேவையில்லாத கண்டிஷன்' என்ற வாக்கியத்தை அடித்துவிட்டார். பிளானிங் வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போனது. பழைய பில் டேட்டாபேஸை நகல் எடுக்க சனிக்கிழமை அம்பாசமுத்திரத்துக்குப் போகிறேன்.