மறு: தராசின் 'ரெசல்யூஷன்': 'ஏறுபடி' என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம். தராசின் திரையில் எண் ஒரு தடவைக்கு எவ்வளவு நகர்கிறதோ அதுதான் 'ரெசல்யூஷன்'. நம் மிதிவண்டிச் சொற்பட்டியலுக்காக அதற்கு 'எடைப்படி' என்று முன்பு சொல்லியிருந்தேன், அதற்கு வந்த இரண்டு கேள்விகளுக்கு இதோ பதில்.

> 'மீச்சிற்றளவு' என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே, அப்புறம் எதற்குப் புதுச்சொல்?

அண்ணே, நியாயமான கேள்வி. நீளம் அளக்கும் வெர்னியர் அளவியைக் கையில் பிடித்த எல்லாருக்கும் அந்தச் சொல் (least count, கருவி அளக்கக்கூடிய மிகச்சிறிய அளவு) தெரியும், நானும் முதலில் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் போன வாரம் ஒரு சின்னத் தராசு வாங்கியபிறகு மனம் மாறிவிட்டது.

இணையத்தில் 18 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). உள்ளங்கையில் அடங்கும், நகை நிறுக்கும் வகை. விளம்பரத்தில் 'துல்லியம் 0.01 கிராம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மிதிவண்டியின் டைட்டானியம் போல்ட், டியூப், பெடல், இதையெல்லாம் நிறுக்கத்தானே, இது போதும் என்று வாங்கிவிட்டேன். வந்ததும் பத்து ஒரு வெள்ளி நாணயங்களை அதன் தட்டில் அடுக்கினேன். 2013-இல் வெளிவந்த வரிசையில் ஒரு வெள்ளி நாணயத்தின் எடை 7.62 கிராம், பத்துக்கு 76.2 வரவேண்டும். திரையில் 75.81. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன், மறுபடியும் 75.81. கடைசி இலக்கம்கூட அசையவில்லை, அவ்வளவு உறுதியாகத் தப்புச் சொல்கிறது! அதே நாணயங்களை அடுப்படியில் மாவு நிறுக்கும் 5 கிலோ தராசில் போட்டால் 76. அதில் எண் கிராம் கிராமாகத்தான் நகரும், ஆனாலும் உண்மைக்குப் பக்கத்தில் நிற்பது அதுதான்.

இங்கேதான் 'மீச்சிற்றளவு' எனக்கு இடிக்கிறது. அதற்குள்ளே 'அளவு' இருக்கிறது. மீச்சிற்றளவு 0.01 என்று படிப்பவர், இந்தக் கருவி 0.01 கிராமையும் சரியாக அளந்துவிடும் என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மையில் அது திரையில் எண் எவ்வளவு எவ்வளவாக ஏறுகிறது என்பது மட்டுமே. அதனால் சொல் திரையைப் பற்றிப் பேசவேண்டும், அளப்பதைப் பற்றி வாக்குக் கொடுக்கக்கூடாது. 'ரெசல்யூஷனு'க்கு ஏற்கெனவே உள்ள 'பிரிதிறன்' என்ற சொல் கேமராவோடும் தொலைநோக்கியோடும் ஒட்டிவிட்டது, அதை அங்கேயே விட்டுவிடலாம்.

> 'எடைப்படி' என்றால் 'எடையின்படி' என்றல்லவா படிக்கத் தோன்றுகிறது?

அக்கா, இதற்கு என்னிடம் பதிலே இல்லை, முழுக்கச் சரி. 'சொன்னபடி', 'கணக்குப்படி' மாதிரியே போய்விடுகிறது. அதைக் கைவிட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் 'ஏறுபடி'. சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை, வாய்க்கும் எளிது. "இந்தத் தராசுக்கு ஏறுபடி எவ்வளவு?" "அஞ்சு கிராம்." கடையில் நின்று இப்படிக் கேட்கலாம், கேட்கிறவருக்கும் விளக்கம் வேண்டியிருக்காது.

துல்லியத்தை ஏன் தனியாகக் காப்பாற்றவேண்டும் என்பதற்கு நம் ஊரே ஒரு காரணம். மின்தராசு உள்ளே இருக்கும் லோட் செல்லில் (விசையை மின்குறிப்பாக மாற்றும் உணரி) விழும் விசையைத்தான் உணர்கிறது, அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் இங்கே புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78 மீ/வி², ஐரோப்பாவின் பல இடங்களில் 9.81. அங்கே சரிபார்த்த தராசை இங்கே கொண்டுவந்து அப்படியே பயன்படுத்தினால், ஒரு கிலோ மிதிவண்டிச் சட்டகத்தை 997 கிராம் என்று காட்டும். ஏறுபடி 0.01 ஆக இருந்தாலும் இந்த 3 கிராம் போகாது, இங்கே வைத்துத் தெரிந்த எடைக்கல்லால் மறுபடி சரிசெய்தால்தான் போகும். பழைய இரட்டைத்தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது, கல்லும் சரக்கும் ஒரே ஊர் ஈர்ப்பில்தானே தொங்குகின்றன.

3 கிராம் பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். மின்மிதிவண்டி 20 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. தொங்கு தராசு 19.96 காட்டுகிறது, ஏறுபடி 10 கிராம், பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அது 0.3 விழுக்காடு குறைத்துக் காட்டுகிறதென்றால் வண்டியின் உண்மை எடை 20.02.

ஆகவே சொற்பட்டியலில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்:

ஏறுபடி: தராசின் திரையில் எண் ஒரு தடவைக்கு நகரும் அளவு.
துல்லியம்: காட்டும் எடை உண்மை எடைக்கு எவ்வளவு நெருக்கம் என்பது.

வாங்க நினைப்பவர்களுக்கு: உதிரிபாகங்களுக்கு 5 கிலோ தாங்கும், ஏறுபடி 1 கிராம் உள்ள சமையலறைத் தராசே போதும். சக்கரம் தட்டில் நிற்காது, ஒரு வாளியை வைத்து எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டு அதற்குள் சாய்த்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள், 0.01 தராசு அந்தக் காற்றுக்கே ஆடும். (பூச்சியமாக்கும் அந்த 'டேர்' பொத்தானுக்கும் ஒரு சொல் வேண்டும். 'சரிக்கட்டு' என்று ஒன்று மனதில் இருக்கிறது, தனி மடலில் எழுதுகிறேன்.)

ஞாயிறு காலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு வருபவர்கள் அவரவர் தராசைக் கொண்டுவாருங்கள். பத்து ஒரு வெள்ளி நாணயங்களை நான் கொண்டுவருகிறேன்.