வீட்டுப்பாடம் பிள்ளைக்கா, அப்பா அம்மாவுக்கா?

பெரம்பூர் அம்மா:
மகன் 3ஆம் வகுப்பு. நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி: நாளை தெர்மாகோலில் சூரியக் குடும்பம் செய்து கொண்டுவர வேண்டும். பையன் தூங்கிவிட்டான். நானும் அவன் அப்பாவும் பதினொன்றரை வரை உட்கார்ந்து சனிக்கு வளையம் ஒட்டினோம். காலையில் பார்த்துவிட்டு, "சூப்பர்மா, இதில் பூமி எது?" என்கிறான். இனிமேல் அவன் வீட்டுப்பாடத்தில் கையே வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தப்பு என்பவர்கள் சொல்லுங்கள்.

சோழிங்கநல்லூர் அப்பா:
தப்புதான் அக்கா. தெர்மாகோல் மேல் இருக்கும் கோபத்தைக் கணக்கு நோட்டின் மேல் காட்டாதீர்கள். என் மகளுக்குக் கால் மணி, முக்கால் மணி பிடிபடவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்து முள்ளைத் திருப்பிக் காட்டினேன், அரை மணியில் புரிந்துகொண்டாள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதற்கு நேரம் ஏது? நாம் சொல்லித்தராவிட்டால் டியூஷனுக்கு அனுப்புவோம். அப்பா சொல்லித்தந்தால் தப்பு, மாதம் பிறந்தால் காசு வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தந்தால் சரியா?

ஓய்வுபெற்ற டீச்சர்:
சொல்லித்தருவதை யார் வேண்டாம் என்றார்கள்? நோட்டில் கை வைக்காதீர்கள் என்கிறேன். 52-இல் 27 போனால் எவ்வளவு? சில பிள்ளைகள் 35 என்று எழுதும். 2-இல் 7 போகாது இல்லையா, அதனால் 7-இல் 2-ஐக் கழித்து 5 போட்டுவிடும். அந்த 35-ஐப் பார்த்தால்தான் கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் ரப்பரால் அழித்து 25 ஆக்கி அனுப்பினால் நான் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நோட்டு முழுக்க சரி, பரீட்சையில் மட்டும் முட்டை. இப்படி எத்தனையோ நோட்டு பார்த்தாயிற்று. தாளைச் சாய்த்துப் பிடித்தால் அழித்த 35 தெரியும்.

சோழிங்கநல்லூர் அப்பா:
நீங்கள் சாய்த்துப் பார்த்தீர்கள் டீச்சர். என் மகள் நோட்டில் பக்கத்துக்கு ஒரு பெரிய டிக். ஒன்பதாறு ஐம்பத்தாறு என்று எழுதியிருக்கிறாள், அதற்கும் சேர்த்துத்தான் அந்த டிக். நானும் விட்டுவிட்டால் அவளுக்கு ஆயுசுக்கும் ஐம்பத்தாறுதான்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டீர்களா?

அண்ணாநகர் வாசகர்:
விதி என்று ஒன்று இருக்கிறதே. 1, 2ஆம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கையில் 3 முதல் 5 வரைக்கும் வாரத்துக்கு 2 மணி நேரம்தான்.

பெரம்பூர் அம்மா:
எங்கள் சனி ஒருத்தரே அந்த 2 மணி நேரத்தையும் சாப்பிட்டுவிட்டார்.

வியாசர்பாடி தம்பி:
எல்லோரும் படித்த அப்பா அம்மாவை வைத்தே பேசுகிறீர்கள். என் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். இட்லிக்கடை. சாயங்காலம் கிரைண்டர் ஓடும்போது "எனக்குக் கேட்கிற மாதிரி படி" என்பார். நான் தப்பாகப் படித்தால் அவருக்குத் தெரியாது, நிறுத்தினால் தெரிந்துவிடும். மற்றபடி என் மாடல் எப்போதும் கோணல்தான். அப்பா செய்துகொடுத்த பையனுடையது பள்ளிக் கண்காட்சியில் முதல் மேசையில் இருக்கும்.

2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்று அரசின் மாலை நேர வகுப்புத் திட்டம் வந்தபோது எங்கள் தெருவில் தன்னார்வலராக இருந்தேன். பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் முதலில் பையிலிருந்து எடுப்பது அன்றைய வீட்டுப்பாடத்தைத்தான். பாதிப் பேருக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும், அதுகளே எழுதிவிடும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் பென்சிலும் நின்றுவிடும்.

சோழிங்கநல்லூர் அப்பா:
நான் சொல்கிற உதவியும் அதுதான் தம்பி.

வியாசர்பாடி தம்பி:
இல்லை சார். ஐம்பத்தாறைத் திருத்துகிற அப்பா எல்லா வீட்டிலும் இல்லை. வீட்டில் செய்ததற்கு மார்க் போடாதீர்கள், அப்புறம் யார் வேண்டுமானாலும் உதவட்டும்.

பெரம்பூர் அம்மா:
இன்று கழித்தல் கணக்கு. பேசாமல் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு இருந்தேன். 63-இல் 48 போனால் 25 என்று எழுதினான். டீச்சர் சொன்ன அதே தப்பு! கை துறுதுறுவென்றது, ரப்பரைக் கூட எடுத்துவிட்டேன். அப்புறம் அழிக்காமல், ஓரத்தில் பென்சிலால் "இவனே செய்தது" என்று எழுதி மட்டும் அனுப்பப் போகிறேன்.

சோழிங்கநல்லூர் அப்பா:
நாளைக்கு அதற்கு டிக் விழுந்ததா என்று கட்டாயம் சொல்லுங்கள் அக்கா.