துணிக்கடைக் கட்டடத்தை எல்இடி விளக்குகளுக்கு மாற்றினால் 80 விழுக்காடு மிச்சமாகுமா?

கேள்வி (கடை மேலாளர், மதுரை)

அனைவருக்கும் வணக்கம். நான்கு தளங்கள் கொண்ட எங்கள் துணிக்கடையின் விற்பனைத் தளங்களில் 36 வாட் டியூப்லைட்டுகள் ஏறத்தாழ 380 இருக்கின்றன. எல்லாமே பழைய செம்புச் சோக் (டியூப்புக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருள்) வைத்த ஃபிட்டிங்குகள். தரைத்தளத்துப் பட்டுப் பிரிவில் மட்டும் 50 வாட் ஹாலஜன் விளக்குகள் 90 உள்ளன. நாள்தோறும் 12 மணி நேரம் எல்லாம் எரிகின்றன. டியூப்லைட்டுகளுக்குப் பதிலாக 20 வாட் எல்இடி, ஹாலஜனுக்குப் பதிலாக 7 வாட் எல்இடி, அனைத்தும் 6500 கெல்வின் (ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அளவு) வெள்ளை ஒளி என்று ஒரு விற்பனையாளர் விலைப்புள்ளி கொடுத்து, மின்கட்டணத்தில் 80 விழுக்காடு குறையும் என்று எழுதியிருக்கிறார். முதலாளிக்கு இரண்டு ஐயங்கள்: இந்தக் கணக்கு உண்மைதானா? பட்டுச் சேலைகளின் நிறம் கெட்டுவிடாதா? இன்னும் ஓராண்டு பொறுத்தால் விலை குறையும் என்றும் சிலர் சொல்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (ஆற்றல் தணிக்கையாளர்)

வணக்கம் ஐயா. நீங்கள் கொடுத்த எண்ணிக்கையை வைத்தே கணக்கைப் பார்த்துவிடலாம். 36 வாட் டியூப்லைட் செம்புச் சோக்குடன் சேர்ந்து ஏறத்தாழ 48 வாட் இழுக்கும். சோக்கில் வெப்பமாகப் போகும் இந்த 12 வாட்டைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அந்த இடத்தில் 20 வாட் எல்இடி வந்தால் 28 வாட், அதாவது 58 விழுக்காடு மிச்சம். ஹாலஜனில் 50 வாட்டுக்கு 7 வாட் என்பதால் 86 விழுக்காடு மிச்சம். இரண்டையும் சேர்த்தால் இப்போதைய 22.7 கிலோவாட் விளக்குப் பளு 8.2 கிலோவாட்டாக இறங்குகிறது. இது 64 விழுக்காடு. அவர் சொல்லும் 80 விழுக்காட்டை உங்கள் கட்டடத்தில் ஹாலஜன் விளக்குகள் மட்டுமே எட்டும். அதுவும் விளக்குக்கான மின்சாரத்தில்தான். முழு மின்கட்டணத்தில் ஏசி, லிஃப்ட் எல்லாம் அடங்கியிருப்பதால், மொத்தக் கட்டணம் 80 விழுக்காடு குறையும் என்று எழுதித் தருவது தவறு.

ஆனாலும் கிடைப்பது சிறிய தொகை அன்று. குறையும் 14.5 கிலோவாட் ஆண்டுக்கு 350 நாள், நாளுக்கு 12 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 61,000 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 10 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஆறு லட்சம் ரூபாய். குளிரூட்டப்பட்ட தளங்களில் இதற்கு மேலும் ஒரு பயன் உண்டு. விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே தங்குகிறது. மூன்று வாட் வெப்பத்தை வெளியேற்ற ஏசி ஏறத்தாழ ஒரு வாட் செலவழிக்கிறது. ஆகவே அந்தத் தளங்களில் ஒவ்வொரு மூன்று வாட் சேமிப்புக்கும், கம்ப்ரசர் ஓடும் நேரங்களில் இன்னொரு வாட் கூடுதலாகக் குறையும்.

வேலை தொடங்குமுன் ஒரு தளத்தின் விளக்கு சர்க்கியூட்டில் ஒரு வாரம் தனி மீட்டர் வைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு மாற்றிய நிலையிலும் அதே போலச் செய்யுங்கள். முந்தைய மாதக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் வெயிலும் பண்டிகைக் கூட்டமும் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும். நிலைக்கட்டணம், மின்வாரியம் உங்கள் கடைக்கு அனுமதித்திருக்கும் மின்பளுவின் மீது கணக்கிடப்படுவதால், விளக்கை மாற்றியதால் மட்டும் அது தானாகக் குறையாது. ஒரு கோடைக்காலம் முழுவதும் பதிவான உச்சப் பளுவைப் பார்த்த பிறகு, பளுவைக் குறைக்க விண்ணப்பியுங்கள். அவசரப்பட்டுக் குறைத்துவிட்டு மே மாதத்தில் திணற வேண்டாம்.

காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு மாதமும் ஐம்பதாயிரம் ரூபாய் அளவுக்கு வீணாகும்போது, விளக்கு விலையில் குறையக்கூடிய சில ரூபாய் அதை ஈடுகட்டாது. தவிர, பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாட்டில், பாதரசம் உள்ள நீளக் குழல் விளக்குகளின் (டியூப்லைட்டுகளின்) உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த முடிவெடுத்திருக்கிறார்கள். பழைய டியூப் கிடைப்பதே இனி அரிதாகும்.

பதில் 2 (கடை விளக்கு வடிவமைப்பில் இருப்பவர்)

மேலே உள்ள கணக்கு சரியானது. ஆனால் பட்டுப் பிரிவுக்கு 6500 கெல்வின் விளக்கை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நீலம் கலந்த வெள்ளையில் சரிகை பொன்னிறத்தை இழந்து வெளிறித் தெரியும். 3000 முதல் 4000 கெல்வினுக்குள் தேர்ந்தெடுங்கள்.

அதைவிட முக்கியமானது நிறக்காட்டும் திறன், அதாவது ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான சிஆர்ஐ எண். ஹாலஜனில் இது ஏறக்குறைய 100. மலிவான எல்இடியில் 80 இருக்கும். இந்த எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரி மட்டுமே. அடர்சிவப்பு அதில் சேராது. அடர்சிவப்புக்கு ஆர்9 என்ற தனி எண் உண்டு. சிஆர்ஐ 80 உள்ள விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம். அப்படிப்பட்ட ஒளியில் அரக்குச் சேலை பழுப்படித்துத் தெரியும். வாங்க வந்தவர்கள் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதற்குக் காரணமே இதுதான். சிஆர்ஐ 90க்கு மேலும், ஆர்9 50க்கு மேலும் வேண்டும் என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். விலை சற்றுக் கூடும். 90 விளக்குகளுக்கு மட்டும்தானே, தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று, டியூப்லைட் நாலாபுறமும் ஒளி வீசும். எல்இடி பெரும்பாலும் கீழ்நோக்கியே வீசும். அதனால் மேசையில் வெளிச்சம் போதுமானதாக இருந்தும், சுவரோர அலமாரியின் மேல்தட்டுகள் இருண்டுபோகக்கூடும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை மேசைமேல் மட்டும் வைக்காமல், அலமாரி முகப்பில் செங்குத்தாகவும் பிடித்து அளந்து பாருங்கள். மொத்தமாக வாங்குமுன் இரண்டு மூன்று நிறுவனங்களின் மாதிரிகளை ஒரே வரிசையில் மாட்டி, அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் சேலைகளை விரித்து, உங்கள் கடையின் மூத்த விற்பனையாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரில் தெரியாத வேறுபாடும் அவர் கண்ணுக்குப் பிடிபடலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டுப் பிரிவுக்குத் தனி விலைப்புள்ளி கேட்கச் சொல்லிவிட்டேன். ஒரு துணைக்கேள்வி: பழைய ஃபிட்டிங்கிலேயே எல்இடி டியூப்பை மட்டும் மாட்டினால் செலவு குறையும் என்கிறார்களே, செய்யலாமா?

பதில் 3 (மின் ஒப்பந்ததாரர்)

செய்யலாம் ஐயா, ஆனால் உங்கள் கட்டடத்துக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, எல்இடி டியூப்புடன் தரும் டம்மி ஸ்டார்ட்டரை மாட்டினால் எரியும். ஆனால் சோக் லைனிலேயே இருந்து ஓரிரு வாட்டைத் தின்னும், பழைய ஹோல்டர் தளர்ந்து கருகும். சில டியூப்கள் ஒரே முனையில் மின்சாரம் எடுப்பவை, சில இரு முனையிலும் எடுப்பவை. வயரிங்கை மாற்றிவிட்டு ஃபிட்டிங்கில் அறிவிப்பு ஒட்டாமல் போனால், பின்னாளில் வேறொருவர் தவறான டியூப்பை மாட்டும்போது ஆபத்து. விளக்கும் சட்டமும் ஒன்றாக வரும் முழு எல்இடி பேட்டன் ஃபிட்டிங்காக மாற்றிவிடுவதே பாதுகாப்பானது.

எல்இடியில் ஒளி தரும் சிப்புக்கு முன், அதற்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர்தான் பெரும்பாலும் பழுதாகும். ஆகவே டிரைவருக்கும் சேர்த்து வாரண்டி, 4 கிலோவோல்ட் சர்ஜ் (திடீர் மின்னழுத்த எழுச்சி) தாங்கும் திறன், 0.9க்கு மேல் பவர் ஃபேக்டர் (மின்திறன் காரணி), இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் முத்திரை ஆகிய நான்கையும் கேளுங்கள். ஒரே சுவிட்சில் ஒரு தளம் முழுவதையும் போடாதீர்கள். எல்லா டிரைவர்களும் ஒன்றாக உயிர்பெறும் அந்த நொடியில் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகலாம். வரிசை வரிசையாகப் பிரித்தால், காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பாதியை அணைத்தும் வைக்கலாம். படிக்கட்டு, கழிப்பறை, கிடங்கு ஆகிய இடங்களுக்கு, ஆள் வந்தால் மட்டும் விளக்கை எரியவிடும் சென்சார் போதும்.

கழற்றும் 380 டியூப்களிலும் பாதரசம் இருக்கிறது. அவற்றை உடைத்துக் குப்பையில் போட விடாதீர்கள். மின்கழிவு விதிகளில் இவையும் அடங்கும் என்பதால், அட்டைப்பெட்டியில் அடுக்கி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். இதையும் ஒப்பந்தக்காரரின் வேலைப் பட்டியலில் இப்போதே சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்தபின் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள்.